கேடயமும் துடுப்பும்: ஏதென்ஸிலிருந்து மெசினி வரை

செப்டம்பர் 24, புதன் – ஏதென்ஸ், அகோரா (பழைய சந்தைவெளி)

காலை எட்டு மணிக்குக் கதவு திறந்ததும் உள்ளே போய்விடுவது உத்தமம். செப்டம்பர் கடைசி என்று பேர்தான், பத்தரைக்கெல்லாம் வெயில் மண்டையைப் பிளக்கிறது. மொனஸ்டிராகி மெட்ரோ வாசலில் எள் ஒட்டிய வளைய ரொட்டி ஒரு யூரோ. அதைத் தின்றுகொண்டே உள்ளே நுழைய முடியாது. வாசலில் இருந்த பெண்மணி நாக்கை ‘ச்சு’ என்று தட்டித் தலையை மேலே தூக்கினார். கூடாது என்பதற்கு நம் ஊரிலும் அதே ‘ச்சு’தான்.

கூட்டம் மொத்தமும் குன்றின் மேல் முழுசாக நிற்கிற ஹெபெஸ்டஸ் கோயிலுக்கு ஏறுகிறது. ஊரை ஆண்ட இடமோ அதன் அடிவாரத்தில், முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு வட்ட அஸ்திவாரமாகக் கிடக்கிறது. தோலோஸ் என்று பெயர், குறுக்களவு சுமார் 18 மீட்டர். ஏதென்ஸ் குடிமக்கள் பத்துக் குலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். குலத்துக்கு 50 பேர் வீதம் ஐநூற்றுவர் மன்றம். ஆண்டைப் பத்தாக வகுத்து, 35 அல்லது 36 நாட்களுக்கு ஒரு குலத்தின் ஐம்பதின்மர் பொறுப்பில் இருப்பார்கள். சாப்பாடு இந்த வட்டக் கட்டடத்தில், அரசுச் செலவில். மூன்றில் ஒரு பங்கினர் இரவிலும் இங்கேயே தங்க வேண்டும். அன்றன்று குலுக்கலில் வருகிற ஒரு தலைவர் கையில் அரசு முத்திரையும், பணமும் ஆவணங்களும் இருக்கிற கோயில்களின் சாவியும் ஒரு பகல் ஓர் இரவு இருக்கும். ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே முறைதான் அந்த வாய்ப்பு.

எதிர்ப்பக்கம் அட்டாலஸ் மண்டபம், 1950களில் பழைய அஸ்திவாரத்தின் மேல் திரும்பக் கட்டியது. அதற்குள் இருக்கிற அருங்காட்சியகத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது குலுக்கல் கல். உடைந்த பலகைதான், ஆனால் தகடு செருகும் வெட்டுகள் வரிசை வரிசையாக இன்னும் தெளிவாக இருக்கின்றன. கி.மு. நான்காம் நூற்றாண்டில் நீதிமன்றத்துக்கு ஜூரி எடுத்த முறை இது:

முப்பது வயது தாண்டிய குடிமகன் விடியற்காலையில் தன் பெயர் பொறித்த தகட்டோடு வருவான். அதில் ஆல்பா முதல் காப்பா வரை ஏதோ ஓர் எழுத்தும் இருக்கும். தன் குலத்தின் வாசலில் அந்த எழுத்துள்ள பெட்டியில் தகட்டைப் போடுவான். பெட்டியைக் குலுக்கி ஒரு தகடு எடுப்பார்கள். அந்தத் தகட்டுக்காரன்தான் மீதித் தகடுகளைக் கல்லில் செருக வேண்டியவன். செருகுகிற ஆள் குறிப்பிட்ட தகட்டைக் குறிப்பிட்ட இடத்தில் வைத்துவிடக்கூடாது என்பதால் அவனையும் குலுக்கித்தான் எடுத்தார்கள். குலத்துக்கு இரண்டு கல், கல்லுக்கு ஐந்து நெடுவரிசை. பக்கவாட்டுக் குழாயில் கறுப்பும் வெள்ளையுமாகப் பகடைகளைக் கொட்டுவார்கள், ஐந்து ஜூரி தேவைக்கு ஒரு வெள்ளை என்ற கணக்கில். கீழே விழுவது வெள்ளை என்றால் மேல் கிடைவரிசையின் ஐந்து பேரும் உள்ளே. கறுப்பு என்றால் ஐந்து பேரும் தகட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு.

அதோடு முடியவில்லை. தேர்வானவன் ஒரு ஜாடிக்குள் கைவிட்டு எழுத்து பொறித்த ஒரு காயை எடுப்பான், அந்த எழுத்துள்ள நீதிமன்றம் அவனுக்கு. அந்த நீதிமன்றத்தின் வாசல் உத்தரத்துக்கு என்ன வண்ணமோ அதே வண்ணத்தில் கைத்தடி. வேறு வாசலில் நுழைந்தால் தடி காட்டிக்கொடுத்துவிடும். எந்த வழக்கு யாரிடம் போகும் என்று வழக்காடுபவனுக்கும் தெரியாது, ஜூரிக்கும் தெரியாது. இத்தனை சிரமம் எதற்கு என்றால், நூற்றுக்கணக்கான ஜூரிகளுக்கே காசு கொடுத்து வழக்கை வென்றவர்கள் இருந்திருக்கிறார்கள்.

பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் வெண்கல ஓட்டுத் தட்டுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குறுகிய அச்சு. துளையுள்ள அச்சு வழக்குத் தொடுத்தவனுக்கு, துளையில்லாதது எதிராளிக்கு. ஜூரியிடம் இரண்டும் ஒவ்வொன்று இருக்கும். அச்சின் இரு முனையையும் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பொத்திக்கொண்டால் எது எது என்று வெளியில் தெரியாது. செல்லும் ஓட்டு வெண்கல ஜாடிக்குள், மற்றது மர ஜாடிக்குள். சமமாக வந்தால் எதிராளிக்கு வெற்றி. ஓட்டுப் போட்டவனுக்கு மூன்று ஓபோல் கூலி, அதாவது அரை திரக்மா.

நேரம் அளந்த தண்ணீர்ப் பானையும் இங்கேதான். 6.4 லிட்டர், அடித்துளை வழியே தீர ஆறு நிமிடம். தனியார் வழக்கில் சட்டத்தையோ சாட்சியத்தையோ படிக்கும்போது துளையை அடைத்துவிடுவார்கள், பேச்சுக்கு மட்டுமே நேரம் ஓடும்.

அதே கூடத்தில் நசுங்கிய ஒரு வெண்கலக் கேடயம், கி.மு. 425இல் பைலோஸில் சரணடைந்த ஸ்பார்ட்டாக்காரர்களிடம் பறித்தது. லாக்கிடெமோனியரிடமிருந்து (ஸ்பார்ட்டாக்காரர்களுக்கு அன்றைய பெயர்) ஏதெனியர் பைலோஸில் எடுத்தது என்று புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதியிருக்கிறார்கள். ஸ்பார்ட்டா வீரன் சரணடைவான் என்று அதுவரை கிரேக்கத்தில் யாரும் நினைத்திருக்கவில்லை. 292 பேர் சரணடைந்தார்கள், அவர்களில் சுமார் 120 பேர் முழுக் குடியுரிமை உள்ளவர்கள்.

செப்டம்பர் 25, வியாழன் – பினிக்ஸ் குன்று, கெராமிகோஸ்

காலையிலிருந்து தூறல். பினிக்ஸ் குன்றுக்குச் சீட்டு இல்லை, காவலும் பெரிதாக இல்லை. மழையில் வழவழவென்றாகிவிடுகிற சுண்ணாம்புப் பாறை என்பதால் செருப்போடு ஏறினால் சறுக்கும். இரண்டு பேர் நம் கண்ணெதிரே உட்கார்ந்தபடியே இறங்கினார்கள்.

பாறையில் வெட்டிய மேடையும் அதன் முன் ஒரு சரிவும், அவ்வளவுதான். ஆண்டுக்கு 40 முறை குடிமக்கள் பேரவை கூடிய இடம் இது. முதலில் மக்கள் நகரத்தைப் பார்த்து உட்கார்ந்தார்கள், பேசுபவன் முதுகு ஊர்ப் பக்கம் இருந்தது. ஐந்தாம் நூற்றாண்டின் கடைசியில் திசையை அப்படியே திருப்பிக் கட்டினார்கள். குன்றின் கீழ்ப்புறம் முட்டுக்கொடுத்த பெரும் கற்சுவர் அடுத்த நூற்றாண்டில் மேலும் பெரிதாக்கியபோது வந்தது. அதைச் சுற்றி வந்து கீழிருந்து பார்த்தால்தான் வேலையின் அளவு புரியும்.

ஓட்டு கை தூக்கித்தான். ஆறாயிரம் கைகளை எண்ணுவதில்லை, பார்வையால் மதிப்பிடுவார்கள். குறைந்தது 6,000 பேர் தேவைப்பட்ட விஷயங்களுக்கு மட்டும் கணக்கு. ஒருவரைப் பத்தாண்டு ஊரை விட்டு அனுப்பும் ஓட்டுச்சில்லு வாக்கெடுப்பு அதில் ஒன்று. இந்த ஆண்டு அப்படி ஒன்று வேண்டுமா என்று முதலில் பேரவையைக் கேட்பார்கள். வேண்டும் என்றால் சில வாரம் கழித்து அகோராவில் வேலி கட்டி, குலத்துக்கு ஒரு வாசல் வைத்து, உடைந்த பானை ஓட்டில் பெயரைக் கீறிப் போடச் சொல்வார்கள். அதிக ஓடு விழுந்தவன் பத்து நாளில் கிளம்ப வேண்டும். சொத்து பறிபோகாது, திரும்பி வந்தால் குடியுரிமையும் அப்படியே இருக்கும். அக்ரோபோலிஸின் வடசரிவில் ஒரு கிணற்றில் அரசியல் தலைவர் தெமிஸ்டாக்ளிஸ் பெயர் கீறிய 190 ஓடுகள் கிடைத்தன. கையெழுத்தைப் பிரித்துப் பார்த்தால் 14 பேர் எழுதியது. வாக்காளருக்குப் பூத் சிலிப் மாதிரி முன்கூட்டியே தயாராக வைத்திருக்கிறார்கள்.

பதவிகளில் பெரும்பாலானவை குலுக்கல். தளபதிகள் பத்துப் பேரை மட்டும் கை தூக்கித் தேர்ந்தெடுத்தார்கள், எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம். பெரிக்ளிஸ் தொடர்ந்து பதினைந்து ஆண்டு இருந்தது அப்படித்தான். ஆனால் தேர்ந்தெடுத்த கையே கழுத்தையும் நெரிக்கும். கி.மு. 406இல் அர்கினூசே கடற்போரில் ஏதென்ஸ் ஜெயித்தது. புயலில் மூழ்கிய கப்பல்களின் ஆட்களைக் காப்பாற்றவில்லை என்று எட்டுத் தளபதிகளையும் ஒரே ஓட்டில் சேர்த்து இந்த ஊர் தண்டித்தது. தனித்தனியே விசாரிக்காதது சட்டவிரோதம் என்று அன்று பொறுப்பில் இருந்த சாக்ரடீஸ் ஒப்புக்கொள்ள மறுத்தார், எடுபடவில்லை. கையில் அகப்பட்ட ஆறு பேரைக் கொன்றார்கள். பிறகு வருந்தினார்கள். அடுத்த ஆண்டே கடற்படை மொத்தமும் போனது.

மதியம் பழைய இடுகாடான கெராமிகோஸ். மழை நின்றதும் கல்லறைகளுக்கு நடுவே ஆமைகள் வெளியே வந்துவிடுகின்றன, காலடியைப் பார்த்து நடக்க வேண்டும். போரில் இறந்தவர்களின் எலும்பு குலத்துக்கு ஒன்றாகப் பத்து சைப்ரஸ் மரப் பெட்டிகளில் இந்தச் சாலை வழியே வந்தது. உடல் கிடைக்காதவர்களுக்காக ஒரு கட்டில் காலியாக வரும். சாலையோரம் ஸ்பார்ட்டாக்காரர்களின் கூட்டுக் கல்லறையும் உண்டு. கி.மு. 403இல் ஏதென்ஸின் உள்நாட்டுச் சண்டையில் செத்தவர்கள். தோண்டியபோது எலும்புகளுக்கு இடையே ஈட்டிமுனை இருந்தது. எதிரியின் பிணத்தை ஊர் வாசலிலேயே மரியாதையாக அடக்கம் செய்ய விட்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் 26, வெள்ளி – பிரேயஸ்

பச்சை மெட்ரோவில் கடைசி நிறுத்தம். பை ஜிப்பின் மேல் கை இருக்கட்டும். எதிர் சீட்டுப் பாட்டி சைகையில் அதையேதான் சொன்னார்.

ஜீயா துறைமுகத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் பழைய கப்பல் கொட்டகைகளின் மிச்சத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கடலை நோக்கிச் சரியும் பாறைத் தளம், இரு பக்கமும் தூண் அடிகள். மேலே யாரோ வீட்டுத் துணி காய்கிறது. நான்காம் நூற்றாண்டுக் கணக்குக் கல்வெட்டின்படி ஜீயாவில் 196, பக்கத்துத் துறைமுகங்களான மூனிகியாவில் 82, காந்தரோஸில் 94, ஆக மொத்தம் 372 கொட்டகைகள். ட்ரைரீம் என்ற மூன்று தட்டுத் துடுப்புப் போர்க்கப்பலைத் தண்ணீரிலேயே விட்டால் பலகை நீர் குடித்துக் கனமாகும், கப்பல் புழு அரித்துத் துளையாக்கும். அதனால் வேலையில்லாத கப்பல் கரையேறிக் காய்ந்தாக வேண்டும். கொட்டகை இல்லாத கடற்படை சில ஆண்டுகளில் விறகாகிவிடும்.

டிராமில் பாலயோ பாலிரோ போனால் ஒலிம்பியாஸ் இருக்கிறது, 1987இல் வெள்ளோட்டம் விட்ட ட்ரைரீம் மாதிரி. உள்ளே ஏறவிடவில்லை, வெளியே நின்றே பார்க்கலாம். நீளம் சுமார் 37 மீட்டர், அகலம் ஐந்தரைக்கும் கொஞ்சம் குறைவு. இந்தக் குச்சி மாதிரி உடம்புக்குள் 170 துடுப்பாளர்கள் மூன்று தட்டில்: மேல்தட்டில் 62, நடுவில் 54, கீழே 54. மாலுமிகள், வீரர்களைச் சேர்த்தால் 200 பேர். ஆளுக்கு ஒரு துடுப்பு. மேல்தட்டுக்காரன் மட்டும்தான் தன் துடுப்பு தண்ணீரைத் தொடுவதைப் பார்க்க முடியும், மற்ற இருவரும் மேலே இருப்பவனின் அசைவை வைத்து வலிக்க வேண்டும். ஒருவன் தாளம் தவறினால் பின்னால் இருக்கிறவனின் துடுப்பு முட்டும், அந்த வரிசையே குழம்பும். கீழ்த்தட்டு ஓட்டை கடல் மட்டத்துக்கு அரை மீட்டர்கூட மேலே இல்லை, அதனால் துடுப்பைச் சுற்றித் தோல் உறை கட்டித் தண்ணீரைத் தடுத்தார்கள். சோதனை ஓட்டங்களில் சிறிது நேரம் ஒன்பது நாட் (மணிக்கு ஒன்பது கடல் மைல்) வேகம் வந்தது. வெயிலில் ஒரு துடுப்பாளனுக்கு மணிக்கு ஒரு லிட்டர் குடிதண்ணீர் தேவைப்பட்டதும் அப்போது தெரிந்தது.

இதைக் கணக்குப் போட்டால் ஏதென்ஸின் அரசியலே விளங்கும். நூறு கப்பல் இறங்கினால் 20,000 ஆள். கேடயமும் கவசமும் வாங்க வசதி உள்ள விவசாயிகள் அவ்வளவு பேர் ஊரில் இல்லை. சொத்தில்லாத குடிமகன் துடுப்பேறினான், நாளுக்கு ஒரு திரக்மா வரை கூலி. அவன் இல்லாமல் ஊருக்குக் கோதுமை வராது. பினிக்ஸ் குன்றில் அவன் கை உயர்ந்ததற்கு இதுதான் காரணம், யாரும் தத்துவம் படித்துக் கொடுத்ததல்ல.

கப்பலில் சமைக்கவும் படுக்கவும் இடமில்லை. சாயங்காலமானால் கரை தட்டி, ஆட்கள் சோறு தேடிப் போக வேண்டும். கி.மு. 405இல் ஈகோஸ்பொட்டாமி கரையில் நடந்தது அதுதான். சந்தை தொலைவில், ஆட்கள் சிதறிப் போனார்கள். ஸ்பார்ட்டாவின் தளபதி லைசாண்டர் நான்கு நாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஐந்தாம் நாள் பாய்ந்தார். பெரும்பாலான கப்பல்களைக் கரையிலேயே பிடித்தார்.

சாப்பாட்டுக்கு மிக்ரோலிமானோ கடற்கரை ஓட்டல்கள் வேண்டாம், மீனை எடை போட்டு விலை சொல்லும் வகை. இரண்டு தெரு உள்ளே வந்தால் பொரித்த நெத்திலி தட்டு 9 யூரோ, தலையோடு தின்னலாம். கேட்காமலே குளிர்ந்த தண்ணீர், கடைசியில் காசில்லாமல் தர்பூசணி.

செப்டம்பர் 27, சனி – லெவ்க்ட்ரா, கெரோனியா

பொயோஷியா சமவெளி. காலையில் தீவாவிலிருந்து (பழைய தீப்ஸ்) டாக்ஸி. ஓட்டுநருக்கு லெவ்க்ட்ரா என்றால் பருத்திக் காடுதான் நினைவு. வெற்றித் தூணை அவரே வழி கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடித்தார். வட்ட மேடை, அதன் உச்சியில் கல்லில் செதுக்கிய கேடயங்கள். சீட்டு, கடை, நிழல் எதுவும் கிடையாது.

கேடயத்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டு இங்கே நின்றால் போர் புரியும். ஹோப்லைட் என்ற கனத்த கவசக் காலாளின் கேடயம் குறுக்கே சுமார் 90 செ.மீ., எடை ஏழு கிலோ அளவில். நடுவில் உள்ள பட்டைக்குள் இடது முழங்கை வரை நுழையும், ஓரத்தில் உள்ள கயிற்றைக் கை பிடிக்கும். இடது பாதி தனக்கு அப்பால் நீண்டு பக்கத்து ஆளை மறைக்கும். அதனால் ஒவ்வொருவனும் தன் வலது பக்கத்து ஆளின் கேடயத்துக்குள் ஒண்டப் பார்ப்பான். படை நடக்க நடக்க முழு அணியும் வலது பக்கம் சாயும். ஆகவே சிறந்த வீரர்களை வலது முனையில் நிறுத்துவது மரபு. இரு தரப்பும் அப்படியே நிறுத்தினால் இரண்டு பக்கமும் வலது முனை ஜெயித்து, அணிகள் கதவு மாதிரி சுழலும்.

கி.மு. 371இல் தீப்ஸின் தளபதி எபாமினோண்டாஸ் இதை மாற்றினார். தீப்ஸின் பலத்தை இடது முனையில் ஐம்பது ஆள் ஆழத்துக்குக் குவித்து, நேராக ஸ்பார்ட்டா மன்னர் நின்ற இடத்தில் மோதினார். எதிரே ஸ்பார்ட்டா அணி பன்னிரண்டு ஆள் ஆழம்தான். தன் வலது முனையை வேண்டுமென்றே பின்தங்க வைத்தார். மன்னர் கிளியோம்ப்ரோட்டஸ் விழுந்தார். களத்தில் இருந்த 700 முழுக்குடி ஸ்பார்ட்டியர்களில் 400 பேர் செத்தார்கள். நூற்றாண்டு முன்பு பாரசீகப் போரின்போது அந்த ஊரில் சுமார் 8,000 ஸ்பார்ட்டியர் இருந்தார்கள் என்பது கணக்கு. எங்கே போனார்கள் என்பதற்குப் பதில் திங்கட்கிழமை.

மதியம் லிவாடியாவில் குச்சி இறைச்சி. பிட்டாவில் சுற்றித் தருவதில்லை, எத்தனை குச்சி என்று எண்ணிக்கை சொல்ல வேண்டும், கூட ரொட்டித் துண்டு. குச்சி இரண்டு யூரோவுக்குள். ஆட்கள் வாசலிலேயே நின்று பத்து பத்தாகத் தின்கிறார்கள்.

கெரோனியாவின் கல் சிங்கம் சாலையோரத்திலேயே, சைப்ரஸ் மரங்களுக்கு நடுவில். கி.மு. 338இல் மாசிடோனியாவின் மன்னர் பிலிப்பிடம் கிரேக்க நகரங்கள் தோற்ற இடம். சிங்கத்தின் அடியில் தோண்டியபோது 254 எலும்புக்கூடுகள் ஏழு வரிசையில் கிடந்தன. தீப்ஸின் புனிதப் படை 300 பேர், பெரும்பாலும் அவர்கள்தான். கல்லில் எழுத்து இல்லை.

செப்டம்பர் 29, திங்கள் – ஸ்பார்ட்டா

ஞாயிறு முழுக்கப் பயணத்தில் போனது. பஸ் ஒன்றை ரத்து செய்துவிட்டார்கள், கவுன்டரில் அறிவிப்பு கிரேக்கத்தில் மட்டும். அடுத்த பஸ்ஸுக்கு மூன்று மணி நேரம். பக்கத்தில் காத்திருந்த ஒரு சிப்பாய்ப் பையன் தன் கீரை அடைத்த மாவுப் பண்டத்தில் பாதியை நீட்டினான், மறுத்தால் விடுவதாயில்லை.

இன்றைய ஸ்பார்ட்டா 1834இல் திட்டமிட்டுக் கட்டிய ஊர். நேர்கோட்டுத் தெரு, நடைபாதையெல்லாம் ஆரஞ்சு மரம். பழைய ஊரைத் தேடினால் வடக்கே ஓர் ஒலிவத் தோப்பு, அதற்குள் கொஞ்சம் கல். இந்த ஊர் பாழானால் இவ்வளவு வலிமை இருந்தது என்று யாரும் நம்பமாட்டார்கள் என்று வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் அப்போதே எழுதினார். கிராமங்கள் சேர்ந்த ஊர், பெரிய கோயில் கட்டவில்லை, அன்று மதிலும் கிடையாது.

நிறுவனங்கள் மட்டும் விசித்திரம். இரண்டு மன்னர் ஒரே சமயத்தில். ஆண்டுக்கு ஐந்து எஃபோர்கள் என்ற அதிகாரிகள், மன்னரையே விசாரிக்கும் அதிகாரத்தோடு. அறுபது தாண்டிய 28 மூத்தோர், ஆயுள் பதவி. அவர்களைத் தேர்ந்தெடுத்தது சத்தத்தால். வேட்பாளர்கள் ஒவ்வொருவராகப் பேரவை முன் நடந்து போவார்கள். யார் எப்போது வருகிறார் என்று தெரியாமல் பக்கத்து அறையில் அடைபட்ட சிலர், எந்த முறை ஆரவாரம் அதிகம் என்று குறிப்பார்கள். குழந்தைத்தனம் என்றார் அரிஸ்டாட்டில். ஏதென்ஸின் பகடைக் குழாயைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஆள் குறைந்த காரணம் சாப்பாட்டுப் பந்தியில் இருக்கிறது. முழுக்குடிமகன் சுமார் பதினைந்து பேர் கொண்ட ஒரு பந்தியில் தினமும் சாப்பிட வேண்டும். மாதச் சந்தா: பார்லி மாவு ஒரு மெதிம்னோஸ் (அட்டிக்கா அளவில் 52 லிட்டர், ஸ்பார்ட்டா அளவு இன்னும் பெரிது), ஒயின் எட்டு கோயஸ் (முகத்தல் அளவு), பாலாடைக்கட்டி ஐந்து மினா (எடை அளவு), அத்திப்பழம் இரண்டரை மினா, கூட்டு வாங்கக் கொஞ்சம் காசு. சந்தா கட்ட முடியாதவன் குடியுரிமையை இழந்தான். நிலம் வாரிசு வழியிலும் சீதனத்திலும் சில குடும்பங்களிடம் குவிந்தது, கட்ட முடியாதவர்கள் பெருகினார்கள். கீழே இறங்கியவன் மேலே ஏற ஒழுங்கான வழி கிடையாது. வீரம் குறையவில்லை, பந்தி காலியானது. எத்தனை சினிமா எடுத்தாலும் இந்த மாவுக் கணக்கை யாரும் காட்டுவதில்லை.

அந்த மாவை விளைவித்தவர்கள் ஹெலட்டுகள், ஸ்பார்ட்டாவின் பண்ணை அடிமைகள். எஃபோர்கள் பதவியேற்றதும் ஆண்டுதோறும் அவர்கள் மேல் முறைப்படி போர் அறிவிப்பார்கள், கொன்றால் பாவம் ஒட்டாது என்பதற்காக.

அருங்காட்சியகத்தில் ஆர்ட்டெமிஸ் ஓர்த்தியா கோயிலின் ஈயப் பொம்மைகள், கட்டைவிரல் உயரம், வட்டக் கேடயத்தோடு காலாட்கள். அந்த ஒரே இடத்தில் லட்சத்துக்கு மேல் கிடைத்தன. பையன்கள் போட்டியில் வென்ற கல்வெட்டுகளில் இரும்பு அரிவாள் பதிக்க வெட்டிய பள்ளம் தெரியும், பரிசே அரிவாள்தான்.

செப்டம்பர் 30, செவ்வாய் – மெசினி

ஸ்பார்ட்டாவிலிருந்து டாய்கெட்டஸ் மலையைக் குறுக்கே கடக்கும் லங்காடா சாலை, கலமாட்டா வரை 60 கி.மீ. சொச்சம். கொண்டை ஊசி வளைவு ஓயாது. குமட்டல் வருபவர்கள் முன் சீட்டில் உட்காரவும். வாடகைக் கார் எடுப்பதே மேல். மேலே பனிமூட்டம், கீழே இறங்கியதும் 30 டிகிரி. இந்த மலைதான் எஜமானருக்கும் மெசினிய ஹெலட்டுகளுக்கும் நடுவே நின்றது.

லெவ்க்ட்ராவுக்கு அடுத்த ஆண்டின் குளிர்காலத்தில் எபாமினோண்டாஸ் படையோடு தெற்கே இறங்கி, கி.மு. 369இல் இத்தோமி மலையடியில் விடுதலையான மெசினியர்களுக்கு ஒரு நகரம் எழுப்பினார். மதில் சுமார் ஒன்பது கி.மீ. மாவ்ரொமாட்டி கிராமத்தைத் தாண்டி வடக்கே போனால் ஆர்க்கேடியா வாசல். இரண்டு கதவு, நடுவே வட்ட முற்றம். முதல் கதவை உடைத்து வருபவன் இரண்டாவது கதவின் முன் சிக்கிக்கொள்வான், சுற்று மதில் மேலிருந்து அடிக்கலாம். உள்வாசலின் பெரும் கல் ஒன்று சாய்ந்து கிடக்கிறது. தார்ச்சாலை இன்றைக்கும் இந்த வாசல் வழியேதான் போகிறது, லாரி வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். கற்களைச் சுண்ணாம்பில்லாமல் அடுக்கியிருக்கிறார்கள், இணைப்பில் நகம் நுழையாது. கோபுரங்களில் அம்பு எய்யும் குறுகிய துவாரம், மேல்தளத்தில் பெரிய சன்னல்.

மதிலையொட்டி நடப்பதானால் முழுக்கால் சட்டை போடவும், முள் ஆளை விடாது. கீழே உள்ள ஊருக்கு, விளையாட்டரங்கு, சந்தை, கூட்ட அரங்கு எல்லாம் சேர்த்து, மூன்று மணி நேரம். மாவ்ரொமாட்டியில் ஊற்றுத் தண்ணீர் குழாயில் இலவசமாக வருகிறது, குடத்தோடு வந்த கிராமத்துக்காரர் நம் பாட்டிலை முதலில் பிடிக்கச் சொல்லி ஒதுங்கினார். எதிர்க் கடையில் ஆட்டுக்கறியும் உருளையும் அடுப்பில் வைத்தது 12 யூரோ, ஒலிவ எண்ணெய் தட்டில் குளமாக நிற்கும், ரொட்டியால் துடைத்துத் தின்ன வேண்டியதுதான்.

கி.மு. 362இல் மாண்டினியா போருக்குப் பின் கிரேக்க நகரங்கள் பொது அமைதி உடன்படிக்கை செய்தபோது மெசினியும் அதில் ஒரு நகரமாகச் சேர்ந்தது. ஸ்பார்ட்டா கையெழுத்திட மறுத்தது. பாதி நிலம் போயிருந்தது, சந்தா கட்டும் ஆட்கள் ஆயிரத்தைத் தொடவில்லை, ஆனாலும் அந்த ஊர் கடைசி வரை மெசினியை ஒரு நகரம் என்று ஒப்புக்கொள்ளவே இல்லை.